தொழுவத்தில் கற்ற எபிரேயம்: இறையியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

போன மாதம் உங்கள் எபிரேயத் தேர்வுத் தாள்களைத் திருத்தினேன். வினைச்சொல் அட்டவணைகளை ஏறக்குறைய எல்லோரும் பிழையில்லாமல் எழுதியிருந்தீர்கள். ஆதியாகமத்தின் முதல் ஐந்து வசனங்களைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் எழுதச் சொன்ன கேள்விக்கும் நல்ல பதில்களே வந்திருந்தன. மறுநாள் வராந்தாவில் உங்களில் மூன்று பேரை நிறுத்தி, "காலையில் ஒருவரைப் பார்த்தால் எபிரேயத்தில் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டேன். மூவரும் தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

"போகெர் தோவ்" என்று சொல்ல வேண்டும். நல்ல காலை என்று பொருள். கேட்டவர் "போகெர் ஓர்" என்பார், ஒளியின் காலை. போகெர், தோவ், ஓர் ஆகிய மூன்று சொற்களும் நீங்கள் முந்தின நாள் பிரித்து எழுதிய அந்த ஐந்து வசனங்களுக்குள்ளேயே இருக்கின்றன. ஒளி உண்டானது, அது நல்லதென்று காணப்பட்டது, சாயங்காலமும் விடியற்காலமும் ஆனது. எழுதத் தெரிந்த உங்களுக்கு அந்தச் சொற்களை ஒரு மனிதரைப் பார்த்துச் சொல்லலாம் என்று யாரும் காட்டித் தரவில்லை. கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

உங்கள் வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன். எபிரேயத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். 1994-ஆம் ஆண்டு தை பிறந்த கையோடு, கீழ்க் கலிலேயாவில் யோர்தான் பள்ளத்தாக்கை ஒட்டிய ஒரு கிபுட்ஸில், அதாவது கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில், ஐந்து மாதம் தங்கி எபிரேயம் படிக்க இடம் கிடைத்தது. பாதி நாள் வேலை, பாதி நாள் வகுப்பு, வாரத்தில் ஆறு நாள். சாப்பாடும் இருப்பிடமும் அவர்கள் பொறுப்பு. அந்த வகுப்புக்கு உல்பான் என்று பெயர்.

உல்பான் வந்த கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். 1948-இல் இஸ்ரேல் உருவானபின் முதல் மூன்றரை ஆண்டுக்குள் ஏறத்தாழ 7 லட்சம் பேர் குடியேறினார்கள். மக்கள்தொகை இரண்டு மடங்கானது. போலந்துக்காரரும் ஈராக்கியரும் ஏமனியரும் மொராக்கோக்காரரும் ஒரே பேருந்து வரிசையில் நின்றார்கள்; ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவில்லை. 1949-இல் எருசலேமில் முதல் உல்பான் தொடங்கியது. கிபுட்ஸ்களோ நிலமும் மாடும் வைத்துக்கொண்டு ஆள் போதாமல் இருந்தன. வந்தவர்களுக்கு மொழி வேண்டும், இவர்களுக்கு வேலையாள் வேண்டும். கிபுட்ஸ் உல்பான் அப்படிப் பிறந்தது.

என் வகுப்பில் இருந்த பெரும்பாலோர் ரஷ்யாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வந்தவர்கள். சோவியத் நாடு உடைந்த காலம் அது. வயலின் கற்றுக்கொடுத்த ஒரு அம்மா, பாலம் கட்டிய ஒரு பொறியாளர். எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஒரு இளைஞர் எனக்கு அடுத்த நாற்காலி. 1991 மே மாதம் 36 மணி நேரத்துக்குள் 14,000 பேருக்கு மேல் விமானத்தில் கொண்டுவந்தார்களே, அதில் வந்தவர். அவருடைய அம்ஹாரிக் மொழியிலும் வீட்டுக்குப் பெயர் 'பேத்' தான். எபிரேயம் அவர் வாயில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல வந்து உட்கார்ந்தது.

ஆசிரியை முதல் நாளிலிருந்து எபிரேயத்தைத் தவிர வேறு மொழி பேசவில்லை. 'எபிரேயத்தில் எபிரேயம்' என்பதே அந்த முறையின் பெயர். எங்களுக்குப் பொது மொழி ஒன்று இல்லாததால் அது முறையாக மட்டும் இல்லாமல் தேவையாகவும் இருந்தது.

ஆனால் நான் மொழியைக் கற்றது அந்த அறையைவிட அதிகமாக மாட்டுத்தொழுவத்தில்தான். அதைத்தான் உங்களுக்கு விரிவாகச் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டுக்கூடத்து வாசலில் 'சிதூர் அவோதா' என்று ஒரு பலகை உண்டு. நாளை யாருக்கு எங்கே வேலை என்று இரவுதோறும் அதில் எழுதி ஒட்டுவார்கள். முதல் இரவு என் பெயருக்கு நேரே 'ரெஃபெத்' என்று இருந்தது. எனக்கு அந்தச் சொல் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். காலை ஐந்து மணிக்கு ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு அங்கே போய், சாணி வாடையும் பால் வாடையும் மூக்கில் ஏறி நின்றபோது மனதுக்குள் ஏதோ இடித்தது. ஆபகூக் மூன்றாம் அதிகாரம், பதினேழாம் வசனம். அத்திமரம் துளிர்க்காவிட்டாலும், திராட்சை பலன் தராவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் என்று நம் வீட்டுப் பாட்டிமார்கூட மனப்பாடமாகச் சொல்வார்களே, அந்த வசனத்தில் வரும் தொழுவம்தான் ரெஃபெத். வேதாகமம் முழுவதிலும் அந்தச் சொல் அங்கே ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. தேர்வுக்காக அதன் அடியில் கோடு போட்டவன் நான். இப்போது அதற்குள் நின்றுகொண்டிருந்தேன். மாடுகள் நிறைய இருந்தன.

அங்கே பொறுப்பில் இருந்தவர் அறுபதைத் தாண்டிய மனிதர். சிறுவனாக ருமேனியாவிலிருந்து வந்தவர். குறைவாகப் பேசுவார். என்னைக் கன்றுகளிடம் விட்டார். பிறந்து சில நாளான கன்றைத் தாயிடமிருந்து பிரித்துத் தனிக் கூண்டில் வைத்திருப்பார்கள். வாளியில் பால் குடிக்க அதற்குத் தெரியாது; மேலே பார்த்துக் காம்பைத் தேடும். அவர் என் கையைப் பிடித்துப் பாலில் நனைத்து, இரண்டு விரலைக் கன்றின் வாயில் வைத்தார். உப்புத்தாள்போல் சொரசொரத்த நாக்கு விரலைச் சுற்றிக்கொண்டது. சப்பத் தொடங்கியதும் கையை மெல்ல மெல்ல வாளிக்குள் இறக்க வேண்டும். கன்றின் வாய் விரலோடு கூடவே வரும். மூக்கு பாலில் படும், தும்மும், தலையை உதறும், என் சட்டையெல்லாம் பால். மறுபடி. நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ விரலை எடுத்த பிறகும் அது குடித்துக்கொண்டே இருக்கும். அதுவரை அவர் பக்கத்தில் நின்று "லெஆத், லெஆத்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மெல்ல, மெல்ல. நம்மைப்போலவே அவர்களும் அந்தச் சொல்லை இரட்டித்தே சொல்கிறார்கள்.

"தெலி!" என்று தொழுவத்தின் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். "தாவி தெலி!" வாளியைக் கொண்டு வா. ஒரு நாளைக்கு இருபது முறையாவது கேட்ட சொல். மூன்றாவது வாரம் ஏசாயா நாற்பதாம் அதிகாரம் வாசிக்கும்போது பதினைந்தாம் வசனத்தில் கண் நின்றது. ஜனங்களெல்லாம் தெலியிலிருந்து விழும் ஒரு துளி என்கிறார் தீர்க்கதரிசி. அதற்கு முன் நூறு தடவை வாசித்த வசனம் அது. அன்று வாளி விளிம்பில் தொங்கிக்கொண்டு, விழலாமா என்று தயங்கி, சிமெண்டுத் தரையில் சொட்டிக் காணாமல்போகும் அந்தத் துளியைக் கண்ணால் பார்த்தேன். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் 'ஏற்றச்சால்' என்று போட்டிருக்கிறார்கள். அந்த மொழிபெயர்ப்பாளர்கள் கமலைக் கிணற்றையும் ஏற்றத்தையும் பார்த்துக்கொண்டே வேலை செய்தவர்கள் என்பது எனக்குக் கலிலேயாவில்தான் உறைத்தது. இன்று ஏற்றத்தைப் பார்க்காத நமக்குத் தமிழ்ச் சொல்லும் அட்டவணைச் சொல்லாகிவிட்டது.

'எவூஸ்' என்ற சொல்லும் அப்படியே. மாடுகளுக்குத் தீவனம் கொட்டும் நீண்ட தொட்டி. ஏசாயாவின் முதல் அதிகாரம், மூன்றாம் வசனம்: மாடு தன் உடையவனை அறியும், கழுதை தன் எஜமானின் எவூஸை அறியும். தமிழில் 'முன்னணை'. முன்னணை என்றால் நமக்கு டிசம்பரில் வைக்கோல் பரப்பி பொம்மை வைக்கும் இடம் மட்டும்தான். தீவன வண்டியின் சத்தம் தூரத்தில் கேட்டதுமே முந்நூறு மாடுகளும் ஒன்றாகத் தலையைத் திருப்பி, தள்ளிக்கொண்டு அந்தத் தொட்டிக்கு ஓடிவருவதைப் பார்த்தவனுக்குத்தான் 'அறியும்' என்ற வினைச்சொல்லில் எவ்வளவு பசி இருக்கிறது என்று தெரியும். இந்த ஜனமோ அறியாது என்று தீர்க்கதரிசி ஏன் வாய்விட்டு அழுதார் என்பதும் தெரியும்.

ஒரு நாள் தாகமாக இருந்தது. எனக்குத் தெரிந்த எபிரேயத்தில் கேட்டேன். 'நான்' என்பதற்கு இன்று எல்லோரும் 'அனி' என்பார்கள். நான் ஏட்டில் படித்த 'அனோகி'யைச் சொன்னேன். பெரியவர் கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னையே பார்த்தார். "இதை எங்கே படித்தாய்?" என்றார். மதராஸ் பக்கத்தில் என்றேன். அவருடைய தாத்தா ஜெபம் பண்ணும்போது கேட்ட சொல் என்றும், அதற்குப் பிறகு தன்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை என்றும் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். அதற்குப் பிறகு என்னோடு நிறையப் பேசினார், ஒவ்வொரு தப்பையும் திருத்தினார். ஒரு நாளும் ஆங்கிலத்துக்கு மாறவில்லை.

இலக்கணத்தைப் பற்றி உங்களுக்கு இருக்கும் பயத்துக்கும் இரண்டு வார்த்தை. தமிழ் பேசுகிறவர்களுக்கு எபிரேயம் ஆங்கிலம் வழியாகப் போவதைவிட நேராகவே கிட்டம். 'எனக்கு ஒரு தம்பி உண்டு' என்பதை ஆங்கிலப் புத்தகம் சுற்றி வளைத்து விளக்கும். எபிரேயத்தில் 'யேஷ் லி ஆக்'. யேஷ் என்றால் உண்டு, லி என்றால் எனக்கு. இல்லை என்பதற்கு 'ஏன்': 'ஏன் லி', எனக்கு இல்லை. 'கர் லி', எனக்குக் குளிருது. 'நான் மாணவன்' என்பதற்கு நடுவில் வேறொரு வினை வேண்டாம், அங்கும் 'அனி தல்மீத்' தான். வகுப்பில் ஆங்கிலம் பேசும் நண்பர்கள் மல்லுக்கட்டிய இடங்களில் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. உயிர்க்குறி இல்லாமல் வெறும் மெய்யெழுத்தாக வாசிக்க வேண்டுமே என்று பயப்படுகிறீர்கள். நம் ஓலைச்சுவடிகளிலும் புள்ளி வைக்கவில்லை, ஓலை கிழிந்துவிடும். நம் முன்னோர் சொல்லைத் தெரிந்து புள்ளியை மனதில் வைத்து வாசித்தார்கள். மொழி காதில் இருந்தால் புள்ளி தானாக வரும். எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறு: மேசை ஆண், கதவு பெண் என்று ஒவ்வொரு பொருளுக்கும் பால் உண்டு, எண்ணும்போதும் அது மாறும். கடைக்காரர்களே அதில் சறுக்குகிறார்கள் என்று பார்த்த பிறகு மனம் ஆறியது.

படச்சீட்டு வைத்து ஆசிரியை சொல் கேட்ட ஒரு நாளில் கிளிப் படத்தைக் காட்டி 'துக்கி' என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாலொமோனின் கப்பல்களில் பொன், வெள்ளி, தந்தம், குரங்கு ஆகியவற்றோடு வந்த மயில்தான் என் துக்கி. இராஜாக்களின் முதல் புத்தகம், பத்தாம் அதிகாரம். நம் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் அது தமிழின் 'தோகை' என்று எழுதியிருக்கிறார். மூவாயிரம் ஆண்டுப் பயணத்தில் மயில் கிளியாகிவிட்டது. இதை நான் தட்டுத்தடுமாறி எபிரேயத்தில் சொல்லி முடித்தபோது வகுப்பே எழுந்து பலகையில் 'தோகை' என்று தமிழில் எழுதிக் காட்டச் சொன்னது.

பழைய சொல்லுக்குப் புது வேலை கொடுப்பது அந்த மொழியில் எங்கும் நடக்கிறது. எபிரேயத்தைப் பேச்சுமொழியாக்க முனைந்த எலியேசர் பென் யெகூதா 1881-இல் எருசலேமுக்கு வந்து, தன் பிள்ளையிடம் எபிரேயம் மட்டுமே பேசுவது என்று முடிவு செய்தபோது அகராதி, துண்டு என்பவற்றுக்கெல்லாம் அவரே சொல் ஆக்க வேண்டியிருந்தது. மின்சாரத்துக்கோ பழைய சொல்லே வந்தது: 'ஹஷ்மல்'. எசேக்கியேல் முதல் அதிகாரத்தில் அக்கினி நடுவிலிருந்து ஒளிர்ந்த, என்னவென்று இன்றுவரை யாரும் நிச்சயமாகச் சொல்ல முடியாத அந்த ஹஷ்மல். எங்கள் அறையில் விளக்கு எரியாத அன்று பார்க்க வந்த மின்பணியாளர் தன்னை 'ஹஷ்மலாய்' என்று சொல்லிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னைப் புரட்டிப்போட்ட சொல் அந்த அறிவிப்புப் பலகையிலேயே இருந்தது. அவோதா. கிபுட்ஸில் அதற்கு வேலை என்று பொருள். யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் எகிப்தியர் சுமத்திய அடிமை வேலைக்கும் அதே சொல். அதே புத்தகத்தின் பின்பகுதியில் ஆசரிப்புக் கூடாரத்தில் நடக்கும் ஆராதனைக்கும் அதே சொல். நாம் தமிழில் மூன்று சொல்லாக்கி மூன்று நாளில் மூன்று பிரசங்கம் செய்கிறோம். 1910-இல் கின்னரேத் ஏரிக்கரையில் தொடங்கிய தெகானியாதான் முதல் கிபுட்ஸ். அங்கே வாழ்ந்து 1922-இல் இறந்த ஆ. தா. கோர்டன் என்பவர் நடுவயதில் மண்வெட்டியைத் தூக்கியவர். அவருடைய சிந்தனையை 'உழைப்பின் சமயம்' என்றே அழைத்தார்கள். எங்கள் கிபுட்ஸில் ஜெபக்கூடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் கணக்கில் முதலாம் நாள், எல்லோரும் நீல வேலைச் சட்டையோடு புறப்படுவார்கள். அந்தப் பெரியவர் கடவுளை நம்பவில்லை என்று என்னிடமே சொன்னார். ஆனால் நள்ளிரவில் பசு கன்று ஈனத் திணறியபோது அவர் முழங்காலில் நின்ற விதத்தை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவோதா என்று வரும் இடத்தில் எனக்கு ஒற்றைத் தமிழ்ச்சொல் போதவில்லை.

சாப்பாட்டுக்கூடத்தையும் கொஞ்சம் சொல்கிறேன். ஒவ்வொருவரும் வெள்ளரிக்காயும் தக்காளியும் எடுத்துவந்து தட்டிலேயே பொடிப்பொடியாக நறுக்கி எண்ணெயும் எலுமிச்சையும் ஊற்றிக்கொள்வார்கள். மேசை நடுவில் எச்சில் போட ஒரு பாத்திரம் இருக்கும். 'கொல்போய்னிக்' என்று பெயர். துணிகள் எல்லாம் சேர்ந்தே வெளுக்கப்போகும். யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றிலும் எண் தைத்திருக்கும். தொழிற்சாலையை நடத்துகிறவரும் முறை வந்தால் பாத்திரம் கழுவ வேண்டும். அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தில் ஆதித் திருச்சபை எல்லாவற்றையும் பொதுவாய் வைத்து, அவனவனுக்குத் தேவையானபடி பகிர்ந்துகொண்டதாக வாசிக்கிறோம். அந்த ஏற்பாட்டில் யார் தட்டு கழுவினார்கள் என்று எனக்கு முதன்முதலில் யோசிக்கத் தோன்றியது அங்கேதான். 1980-களின் கடன் நெருக்கடிக்குப் பிறகு பெரும்பாலான கிபுட்ஸ்கள் எல்லோருக்கும் சமச் சம்பளம் என்ற முறையைக் கைவிட்டுவிட்டன. இன்று பல சாப்பாட்டுக்கூடங்களில் காசு கொடுத்துச் சாப்பிட வேண்டும், சில மூடிவிட்டன. அதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஏப்ரலில் ஒரு நாள், யூதப் படுகொலை நினைவு நாள். காலை பத்து மணிக்கு நாடு முழுவதும் சங்கு ஊதியது. பெரியவர் அப்படியே நின்றார். நானும் நின்றேன். இரண்டு நிமிடம். கன்றுகள் மட்டும் பாலுக்குக் கத்திக்கொண்டிருந்தன. அந்த நாளுக்கு 'யோம் ஹஷோஆ' என்று பெயர். ஷோஆ செப்பனியாவின் முதல் அதிகாரத்தில் இருக்கும் சொல்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழத்தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில் சப்பாத்திக்கள்ளி வேலி ஒன்று தனியாக நின்றது. சுற்றி எதுவும் இல்லாத இடத்தில் யாருக்கு வேலி என்று கேட்டேன். அங்கே ஒரு அரபு ஊர் இருந்தது, 1948-இல் காலியானது என்றார் பெரியவர். ஊரின் பெயரையும் சொன்னார். அந்த ஆண்டுப் போரில் 7 லட்சத்துக்கு மேற்பட்ட பாலஸ்தீனியர் வீடிழந்தார்கள், நானூறுக்கு மேற்பட்ட ஊர்கள் காலியாயின. வீடுகள் இடிந்த பிறகும் அந்தக் கள்ளி வேர்விட்டுத் திரும்ப வருகிறது. அந்த மண்ணில் பிறந்த யூதருக்கு எபிரேயத்தில் 'ட்ஸபார்' என்ற செல்லப்பெயர், அதே கள்ளியின் பெயர். அரபியில் அதை 'ஸபர்' என்கிறார்கள். பொறுமைக்கும் அதே ஒலிதான். ஒரு செடியை இரண்டு ஜனங்கள் தங்கள் பெயராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எபிரேயம் படிக்கும் நீங்கள் இதைத் தெரியாமல் படிக்கக் கூடாது. தெருவில் பேசும் எபிரேயத்தில் 'யல்லா', 'சபாபா' என்று அரபி கலந்து ஓடுகிறது. கூடவே கொஞ்சம் அரபியும் கற்றுக்கொள்ளுங்கள்.

2023 அக்டோபர் 7 அன்று காசா எல்லையோரக் கிபுட்ஸ்களான பெஎரி, நிர் ஓஸ், க்பார் அஸா ஆகியவற்றில் நடந்த கொலைகளைச் செய்தியில் பார்த்தபோது எனக்கு அந்தப் பலகையும் நீலச் சட்டைகளுமே கண்முன் வந்தன. அதற்குப் பிறகு காசாவில் குழந்தைகளும் பெண்களுமாகப் பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டதைப் பார்த்தபோது கள்ளி வேலி வந்தது. இரண்டுக்காகவும் ஜெபிக்கிறேன். ஆகவே இன்றே பெட்டியைக் கட்டுங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமைதி வரும் ஒரு காலத்தில் யாருக்காவது வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். தொழுவத்திலோ சமையலறையிலோ வேலை கேட்டு வாங்குங்கள்.

அதுவரை இங்கேயே செய்யலாம். மெஸ்ஸில் ஒரு மேசையை எபிரேய மேசை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உட்காருகிறவர்கள் உப்பையும் தண்ணீரையும் எபிரேயத்தில் கேட்கட்டும்: மெலக், மாயிம். இரண்டுமே உங்களுக்குத் தெரிந்த சொற்கள். தப்பாகச் சொல்லலாம், தமிழ் கலக்கலாம், ஆனால் வாய் திறந்தே ஆக வேண்டும். காலையில் சந்தித்தால் போகெர் தோவ். பதில் சொல்லாமல் ஒருவரும் போகக் கூடாது.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் வீட்டில் மாடு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். காலையில் தொட்டிக்குத் தவிடும் புண்ணாக்கும் கரைத்து வையுங்கள். மாடு வாயை வைத்த பிறகு, பக்கத்தில் நின்று, ஏசாயா ஒன்று மூன்றை எபிரேயத்தில் சத்தமாக வாசியுங்கள். எந்தச் சொல்லில் நாக்கு இடறியது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் எபிரேய ஆசிரியன்